அப்பாவின் ஜனதா: மேசையில் சரியாக ஓடுகிறது, கையில் கட்டினால் 50 நொடி பின்தங்குகிறது

கோவை ஜனதா – மார்ச் 2, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1978இல் வாங்கிய எச்எம்டி ஜனதா இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் சாவி கொடுக்கிற 17 கல் வாட்ச். அப்பா போன பிறகு பீரோவிலேயே கிடந்தது. போன மாதம் எடுத்துப் போய் ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன். சர்வீஸ் பண்ணி ஃபாஸ்ட்-ஸ்லோவும் பார்த்து வைத்தாயிற்று என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

மேசைமேல் டயல் மேலே பார்க்க வைத்தால் ஒரு நாளைக்கு 5 நொடி முன்னே போகிறது. பழைய வாட்ச்சுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் கையில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தால் அதே வாட்ச் நாளுக்கு 50 நொடி பின்தங்குகிறது. மூன்று நாள் பார்த்துவிட்டேன், மூன்று நாளும் இப்படித்தான்.

பின்மூடியைத் திறந்து பார்த்தேன். ஆடுகிற சக்கரத்துக்கு மேலே சின்ன முள் மாதிரி ஒன்று இருக்கிறது. அதை நகர்த்தினால் வேகம் மாறும் என்று படித்தேன். 50 நொடிக்கு எவ்வளவு நகர்த்த வேண்டும்?

பழைய மேசை – மார்ச் 2, இரவு 10.25

தம்பி, இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். பின்மூடியை மூடி வையுங்கள், தூசி விழும்.

முப்பது வருடம் வாட்ச் மேசையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். நீங்கள் பார்த்த முள்தான் ரெகுலேட்டர். அதன் அடியில் இரண்டு சின்ன ஊசிகள் இருக்கும். சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட வைக்கிற மெல்லிய சுருள் கம்பிதான் ஹேர் ஸ்பிரிங், அது அந்த ஊசிகளுக்கு நடுவில் போகிறது. ஊசியை நகர்த்தினால் ஸ்பிரிங்கில் வேலை செய்கிற நீளம் மாறும். நீளம் குறைந்தால் சக்கரம் வேகமாக ஆடும், கூடினால் மெதுவாக ஆடும். ரெகுலேட்டரின் வேலை அவ்வளவுதான்.

உங்கள் வாட்ச் மணிக்கு 18,000 தடவை டிக் அடிக்கிறது. அதாவது நொடிக்கு 5, நாளுக்கு 4,32,000. நாளுக்கு 50 நொடி என்பது அதில் 250 டிக். ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அதைச் சரிக்கட்ட அந்த முள்ளை ஒரு தலைமுடி கனம் தள்ளினாலே அதிகம்.

சரி, தள்ளிவிட்டீர்கள் என்றே வையுங்கள். கையில் சரியாகிவிடும். மேசையில் என்ன ஆகும்? 5 நொடி முன்னே போனது 55 நொடி முன்னே போகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அப்படியே நிற்கும். உங்கள் வாட்ச்சுக்கு நோய் அந்த இடைவெளிதான். ரெகுலேட்டர் அதற்கு மருந்து இல்லை.

ஒரு வாரம் பொறுமை இருந்தால் இப்படிச் செய்யுங்கள். தினம் காலை ஒரே நேரத்தில் முழுச் சாவி கொடுத்து, 24 மணி நேரம் ஒரே நிலையில் வையுங்கள். முதல் நாள் டயல் மேலே, அடுத்த நாள் டயல் கீழே, அப்புறம் கிரவுன் (சாவி கொடுக்கிற குமிழ்) கீழே, கிரவுன் மேலே, 12 மேலே. செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். நடுவில் முள்ளைத் திருப்பி நேரம் வைக்க வேண்டாம். வைத்தால் கணக்கு போய்விடும்.

மலைக்கோட்டை – மார்ச் 3, காலை 6.50

ஐயா சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் அப்பாவும் எச்எம்டிதான் கட்டினார். காலையில் ரேடியோவில் செய்தி தொடங்குகிறபோது வாட்ச்சைக் கழற்றி, சாவி கொடுத்து, நேரத்தையும் சரி செய்துவிடுவார். அது எவ்வளவு ஸ்லோ என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. தினமும் நேரம் வைத்துக்கொண்டால் 50 நொடி ஒரு பிரச்சனையா?

நொடிமுள் – மார்ச் 3, காலை 8.15

மலைக்கோட்டை, உங்கள் அப்பா செய்தது நல்ல பழக்கம். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்தார் பாருங்கள், அதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. சாவி கொடுத்தால் இறுகுகிற மெயின் ஸ்பிரிங் முழுதாக இறுகியிருக்கும்போது இருக்கிற விசை, 30 மணி நேரம் கழித்து இருக்காது. தினமும் 24 மணி நேரத்தில் திரும்பச் சாவி கொடுத்தால் வாட்ச் அந்த ஸ்பிரிங்கின் நல்ல பகுதியிலேயே ஓடும். நாளுக்கு நாள் ஒரே மாதிரி ஓடவும் அது உதவும்.

ஆனால் தினம் நேரம் வைத்தால் தவறு கண்ணில் படாது. 50 நொடி பின்தங்குவதைவிட, ஏன் பின்தங்குகிறது என்று தெரியாமல் போவதுதான் எனக்கு உறுத்துகிறது. உள்ளே எண்ணெய் காய்ந்து உலோகம் உலோகத்தோடு தேய்ந்தாலும் வாட்ச் ஓடத்தான் செய்யும். பல வருடம்கூட ஓடும். கடைசியில் பேலன்ஸ் என்கிற அந்த ஆடுகிற சக்கரத்தின் அச்சு முனை தேய்ந்துபோயிருக்கும். எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூடும் முடிவு 2016இல் வந்துவிட்டது. இனி ஒரு பாகம் வேண்டுமென்றால் இன்னொரு ஜனதாவைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

கோவை ஜனதா – மார்ச் 8, காலை 6.20

பழைய மேசை ஐயா, நீங்கள் சொன்னபடியே எழுதி வைத்தேன். எல்லாம் காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 வரை, முழுச் சாவி.

டயல் மேலே: +5
டயல் கீழே: +2
கிரவுன் கீழே: −88
கிரவுன் மேலே: −63
12 மேலே: −70

இன்னொன்றும் கவனித்தேன். டயல் மேலே வைத்த நாளில் சும்மா மாலை 6 மணிக்கும் பார்த்தேன். முதல் 12 மணி நேரத்தில் +6. இரவு 12 மணி நேரத்தில் −1. இரண்டும் சேர்ந்துதான் அந்த +5. இதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

யாழ் மணிக்கூடு – மார்ச் 8, காலை 7.05

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். நான் கனடாவில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது சீக்கோ 5, உள்ளே 7எஸ்26 என்கிற மெஷின். ஆறு வருடமாக நாளுக்கு 10, 12 நொடி முன்னுக்கு ஓடின மணிக்கூடு, போன கிழமையிலிருந்து திடீரென்று நாளுக்கு நாலு நிமிடம் முன்னுக்கு ஓடுகிறது. விழவும் இல்லை, தண்ணீர் படவும் இல்லை. இதையும் நிலை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டுமோ அண்ணை?

நொடிமுள் – மார்ச் 8, காலை 7.30

யாழ் மணிக்கூடு, உங்களுக்கு ஒரு திசைகாட்டி போதும். வாட்ச்சை அதன் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோங்கள். ஊசி துள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது. ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் குட்டையான மாதிரி ஆகிவிடும். அதனால்தான் திடீரென்று நிமிடக் கணக்கில் முன்னே ஓடும். ஸ்பீக்கர், டேப்லெட் மூடி, கைப்பையின் காந்தப் பொத்தான், இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும். காந்தம் எடுக்கிற சின்னக் கருவி விலை குறைவுதான், வாட்ச்சைத் திறக்கவே வேண்டாம். கருவியின் பொத்தானை அழுத்திக்கொண்டே வாட்ச்சை மெதுவாக ஒரு முழ தூரம் விலக்கிய பிறகு பொத்தானை விடுங்கள். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் காந்தம் திரும்ப ஏறிவிடும்.

பழைய மேசை – மார்ச் 8, முற்பகல் 11.10

கோவைத் தம்பி, ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாலை 6 மணிக் கணக்குதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது.

படுத்திருக்கும்போது +5, +2. நிற்கும்போது −63 முதல் −88 வரை. படுத்திருக்கிற வாட்ச்சில் பேலன்ஸ் அச்சு ஊசி முனையில் சுழல்கிறது. பம்பரம் மாதிரி, உராய்வு மிகக் குறைவு. நிமிர்த்தி வைத்தால் அதே அச்சு பக்கவாட்டில் கல் துளையின் சுவரில் சாய்ந்து உரசிக்கொண்டு சுழலும். எந்த வாட்ச்சாக இருந்தாலும் நிற்கும்போது வீச்சு, அதாவது சக்கரம் ஒரு பக்கம் எத்தனை டிகிரி ஆடுகிறது என்பது, கொஞ்சம் குறையத்தான் செய்யும். எண்ணெய் நன்றாக இருந்தால் அது 30, 40 டிகிரிக்குள் நிற்கும். எண்ணெய் காய்ந்துவிட்டால் வீச்சு சரிந்துவிடும். வீச்சு குறைந்தால் இந்த மாதிரி வாட்ச் பின்தங்கும். இரவில் சாவி தளர்ந்ததும் +6 போய் −1 ஆனது பாருங்கள், அதுவும் இதே கதைதான்.

நீங்கள் வாட்ச் கட்டி நடக்கும்போது கை தொங்குகிறது. இடது கை தொங்கினால் கிரவுன் கீழே பார்க்கும். உங்களுடைய மோசமான நிலையும் அதுவேதான். அதனால்தான் நடக்கிற நாளெல்லாம் இழக்கிறது.

வீச்சை அளக்கிற மெஷின் யாரிடமாவது இருந்தால் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

நொடிமுள் – மார்ச் 8, பிற்பகல் 1.00

என்னிடம் டைம்கிராஃபர் இருக்கிறது. நான் சிங்காநல்லூர்தான். ஞாயிறு வந்துவிடுங்கள்.

நொடிமுள் – மார்ச் 10, இரவு 8.30

கோவை ஜனதா நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு மைக் தாங்கியில் வாட்ச்சை வைத்தோம். அந்த மைக்கில் ஃபேன் சத்தம்கூட விழும்.

டயல் மேலே: நாளுக்கு +7, வீச்சு 236 டிகிரி. திரையில் இரண்டு புள்ளிக் கோடுகள் நல்ல இடைவெளி விட்டு ஓடின. பீட் எரர் 2.6 மில்லிநொடி. சக்கரம் ஒரு பக்கம் ஆடுவதற்கும் மறுபக்கம் ஆடுவதற்கும் எடுக்கிற நேரம் சமமாக இல்லை என்று அர்த்தம். காதில் வைத்துக் கேட்டபோது எனக்கே தெரிந்தது. டிக்-டிக், டிக்-டிக் என்று நொண்டிக்கொண்டு ஓடியது.

தாங்கியைத் திருப்பி கிரவுன் கீழே வைத்தோம். வீச்சு 236இலிருந்து இறங்கத் தொடங்கியது. 210, 195, 180. கடைசியில் 168இல் நின்றது. வேகம் −85. இரண்டு கோடுகளும் நேராக இல்லாமல் அலை அலையாக வந்தன. அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது.

வீச்சைக் கணக்கிட மெஷினுக்குக் கொடுக்கிற லிப்ட் ஆங்கிள் என்ற எண்ணை, அதில் இருந்த 52இலேயே விட்டேன். அது மாறினால் வீச்சு எண் சில டிகிரி கூடும் குறையும், வேகத்தின் கணக்கு மாறாது. படுத்ததற்கும் நின்றதற்கும் நடுவில் 68 டிகிரி வித்தியாசம். எந்த ஆங்கிள் வைத்தாலும் அது பெரிய வித்தியாசம்தான்.

பழைய மேசை – மார்ச் 10, இரவு 9.45

நான் பயந்தது போலவே இருக்கிறது. உள்ளே எண்ணெய் இல்லை. இருந்தால் அழுக்காகி இறுகிப்போயிருக்கும்.

இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இந்த வாட்ச்சை முழுதாகப் பிரிக்கவே இல்லை. முழு மூவ்மெண்டையும், அதாவது உள் இயந்திரத்தை, அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, காற்றடித்து, அங்கங்கே ஒரு சொட்டு எண்ணெய் வைத்திருப்பார்கள். அப்புறம் டயல் மேலே பார்க்க வைத்து, அந்த ஒரு நிலையில் மட்டும் ரெகுலேட்டரைத் தள்ளி +5க்குக் கொண்டுவந்திருப்பார்கள். கவுண்டரில் வாங்கும்போது சரியாக ஓடும். வாங்கினவர் வீட்டுக்குப் போய்க் கட்டினால்தான் தெரியும். ரெகுலேட்டர் நோயை மறைக்கிற கருவி இல்லை. எங்கள் தொழிலில் இது நடக்கக் கூடாது.

எனக்கு இப்போது கண் முன்போல் இல்லை. திருப்பூரில் என்னிடம் வேலை கற்ற பையன் கடை வைத்திருக்கிறான். நான் பேசிவிட்டேன். எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விடுவான்.

மலைக்கோட்டை – மார்ச் 11, காலை 7.00

நான் கேட்ட கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். எவ்வளவு இருந்தால் நல்ல வாட்ச் என்று சொல்லலாம்? இணையத்தில் ஒருவர் நாளுக்கு ±2 நொடி என்கிறார், இன்னொருவர் −20 முதல் +40 வரை பரவாயில்லை என்கிறார்.

நொடிமுள் – மார்ச் 11, காலை 9.20

இரண்டும் உண்மைதான். ரோலெக்ஸ் தன் வாட்ச்சுக்கு ±2 என்று சொல்கிறது. சீக்கோவின் என்எச்35 மூவ்மெண்டுக்கு −20 முதல் +40 வரை என்று தொழிற்சாலையே போட்டிருக்கிறது. ஈட்டிஏ 2824 என்கிற சுவிஸ் மூவ்மெண்டிலேயே தரத்துக்குத் தரம் எண் மாறும். ஸ்டாண்டர்ட் தரத்துக்கு ±12, டாப் தரத்துக்கு ±4. அடிப்படை வடிவம் ஒன்றுதான். எத்தனை நிலைகளில் சரிபார்த்து வைத்தார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

வாட்ச்சின் துல்லியத்துக்குச் சான்று தருகிற சுவிட்சர்லாந்தின் கோஸ்க் சோதனையை எல்லோரும் −4 முதல் +6 வரை என்று சொல்வார்கள். அது சராசரி. ஆனால் அந்தச் சோதனையில் மொத்தம் ஏழு அளவுகள் இருக்கின்றன. 15 நாள், ஐந்து நிலைகள், 8, 23, 38 டிகிரி வெப்பம். நாளுக்கு நாள் வேகம் சராசரியாக எவ்வளவு மாறுகிறது? 2 நொடிக்குள் இருக்க வேண்டும். எந்த நிலையிலும் மிகப் பெரிய மாற்றம் 5 நொடியைத் தாண்டக் கூடாது. படுத்ததற்கும் நின்றதற்கும் வித்தியாசம் −6 முதல் +8க்குள். வெப்பத்துக்கு ஒரு டிகிரிக்கு 0.6 நொடிக்குள். சராசரி வேகத்துக்கு ஒரே ஒரு அளவுதான். மீதி ஆறும் வாட்ச் நிலையாக ஓடுகிறதா என்று வேறு வேறு விதமாகக் கேட்கிற கேள்விகள்.

எனக்கு ஒரு வாட்ச் தினமும் தவறாமல் 12 நொடி முன்னே போனால் அது நல்ல வாட்ச். ரெகுலேட்டரை ஒரு தடவை தொட்டால் சரியாகிவிடும். ஒரு நாள் +8, மறுநாள் −10, அடுத்த நாள் +3 என்று ஓடி, வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருகிற வாட்ச்சை நான் நம்ப மாட்டேன்.

பழைய மேசை – மார்ச் 11, முற்பகல் 11.30

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கடல் பயணத்தில் நேரம் தவறாமல் காட்ட இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன் செய்த எச்4 கடிகாரத்தை 1761 நவம்பரில் டெப்ட்ஃபோர்ட் கப்பலில் ஏற்றி ஜமைக்காவுக்கு அனுப்பினார்கள். 81 நாள் கழித்துப் பார்த்தபோது தவறு 5 நொடிதான் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தக் கடிகாரம் நாளுக்கு 2⅔ நொடி பின்தங்கும் என்பதைக் கணக்கில் கழித்த பிறகு வந்த 5 நொடி அது. கழிக்காமல் பார்த்தால் மூன்றரை நிமிடத்துக்கு மேல் வரும். பின்னாளில் கப்பல்காரர்கள் குரோனோமீட்டர் என்கிற கடல் கடிகாரத்தை நம்பியதும் இப்படித்தான். முள்ளைத் தொட மாட்டார்கள். நாளுக்கு இத்தனை நொடி என்று எழுதி வைத்துக் கழித்துக்கொள்வார்கள்.

யாழ் மணிக்கூடு – மார்ச் 15, இரவு 10.10

திசைகாட்டி ஊசி முழுக்கத் திரும்பிவிட்டது! மேசையில் நான் மணிக்கூட்டைக் கழற்றி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் மகள் புது ஸ்பீக்கரை வைத்திருக்கிறாள். காந்தம் எடுக்கிற கருவி நேற்று வந்தது. இரண்டு தரம் செய்தேன். இன்று 24 மணி நேரத்துக்கு +11. பழையபடி வந்துவிட்டது. மிக்க நன்றி.

கோவை ஜனதா – மார்ச் 24, இரவு 9.00

திருப்பூர் போய்வந்தேன். நான்கு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சாவியை முழுக்கத் தளர்த்தினார். பேலன்ஸைத் தூக்கியதும் என் கண்ணில் லென்ஸை மாட்டிவிட்டு, மேல் கல்லைப் பார்க்கச் சொன்னார். கல்லின் நடுவில் காப்பி கறை மாதிரி பழுப்பு வளையம். அதற்கு மேல் இருக்கிற சின்ன ஸ்பிரிங்கை யாரும் திறந்ததே இல்லை என்றார். ஒவ்வொரு டிக்குக்கும் பேலன்ஸைத் தள்ளிவிடுகிற பேலட் ஃபோர்க்கின் சிவப்புக் கல்லில் கறுப்பாக ஒரு கசடு ஒட்டியிருந்தது. மரக்குச்சியைச் சீவிக் கூராக்கி அதைத் துடைத்தார். பேலன்ஸ் அச்சின் முனைகளை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேயவில்லை, தப்பித்தது" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எல்லாம் கழுவிக் காய்ந்த பிறகு எண்ணெய். கல்லுக்கு வைத்த எண்ணெய் ஊசி முனையில் ஒட்டுகிற அளவுதான். அதிகம் வைத்தால் வழிந்து ஓடிக் கல்லே காய்ந்துவிடுமாம்.

பீட் எரரைச் சரிசெய்யத்தான் நேரம் எடுத்தது. 2.6 இருந்ததை 0.4க்குக் கொண்டுவந்தார். கடைசியில் தான் ரெகுலேட்டர். ஒரே நிலையில் பார்க்காமல் எல்லா நிலையிலும் அளந்தார். இப்போது வீச்சு டயல் மேலே 284, கிரவுன் கீழே 252. வேகம் டயல் மேலே +9, டயல் கீழே +7, கிரவுன் கீழே −6, கிரவுன் மேலே −2, 12 மேலே +1. "டயல் மேலே பூஜ்யம் வைக்கட்டுமா?" என்று கேட்டார். வைத்தால் கையில் பின்தங்கும் என்று எனக்கே புரிந்துவிட்டது. வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே பின்மூடியை அழுத்தினார்.

பழைய மேசை – மார்ச் 24, இரவு 9.50

படித்துக் கண் கலங்கிவிட்டது தம்பி. அவனிடம் நாளைக்குப் பேசுகிறேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒரு வாரம் கட்டிப் பாருங்கள். பிறகு இரவில் எப்படி வைத்தால் என்ன ஆகிறது என்று எழுதுங்கள்.

கோவை ஜனதா – ஏப்ரல் 6, காலை 6.30

இரண்டு வாரக் கணக்கு. காலை 6 மணிக்குச் சாவி கொடுத்துக் கட்டுகிறேன், இரவு 10க்குக் கழற்றுகிறேன். கையில் இருக்கிற 16 மணி நேரத்தில் +1, சில நாள் பூஜ்யம். இரவு டயல் மேலே வைத்தால் 8 மணி நேரத்தில் +3. ஆக நாளுக்கு +4. இரவில் கிரவுன் கீழே பார்க்கச் சாய்த்து வைத்தால் −2. ஆக நாளுக்கு −1.

அதனால் மூன்று இரவு கிரவுன் கீழே, நாலாவது இரவு டயல் மேலே. ரெகுலேட்டரைத் தொடவே இல்லை. அப்பா வாட்ச்சை மூக்குக் கண்ணாடிக் கூட்டின்மேல் சாய்த்து வைத்துத்தான் தூங்குவார். அது பழக்கமா, தெரிந்து செய்ததா என்று கேட்க இப்போது அவர் இல்லை. நானும் அதே கூட்டில்தான் வைக்கிறேன்.

மலைக்கோட்டை – ஏப்ரல் 6, காலை 7.20

பரணில் இருந்த எங்கள் அப்பாவின் வாட்ச்சை நேற்று இறக்கினேன். ஒரு நோட்டும் வாங்கினேன். முதல் நாள், டயல் மேலே, முழுச் சாவி: −31. நாளைக்கு டயல் கீழே வைக்கிறேன்.